வம்பு என்னும் சொல்

பிறர் வீட்டுச் செய்திகளைப் பேசிப் பொழுது போக்குவதை ‘வம்பளத்தல்’ என்பது உலக வழக்கு. ஆயின், பண்டு இச்சொல் ஊர்ப்பேச்சைக் குறித்ததன்று. வம்பு என்பதற்கு ‘நிலையின்மை’ என்றே பொருள் கூறுகின்றது தொல்காப்பிய உரியியல். குறுந்தொகை 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்துப் பெய்த மழை ‘வம்ப மாரி’ எனப்படுகின்றது. அதனைக் கார்ப்பருவமென்று நம்பி மலர்ந்துவிட்டது கொன்றை. அகநானூறு 251ஆம் பாடல், புதியராய் வந்த மோரியரை ‘வம்ப மோரியர்’ என்கின்றது.

ஊர்ப்பேச்சுக்கு அக்காலத்தே வேறு சொற்கள் இருந்தன. மறைவாக முணுமுணுப்பது அம்பல்; பலரறியப் பரவுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என விளக்குவர் உரைகாரர். அவை பேச்சு வழக்கினின்று மறைந்தன, வம்பு நிலைத்தது. நிலையற்ற புதுச்செய்திக்கு அப்பெயர் பொருந்துவதே.

தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயில் கிழக்கிலங்கையிற் புகழ்பெற்றது. அப்பகுதிக் கண்ணகி கோயில்களிற் கண்ணகி வழக்குரை படிக்கும் மரபு உண்டு. பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் ஆராயாது நம்பினான். கோவலன் உயிர் போயிற்று, மதுரை எரிந்தது.

பொய்யைப் புனைபவன் ஒருவனே. அதற்கு வலிமை தருவோர் ஆராயாது கேட்போர். வம்ப மாரியை நம்பிய கொன்றை தன் மலரை மட்டுமே இழந்தது. வம்பை நம்பும் ஊரோ பிறர் வாழ்வையே அழித்துவிடும்.