கத்தியிலும் காலமே பெரிது

தெரணியகலைப் பகுதியின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் உழைப்பாளரின் களைப்புக்குத் துணையாக நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இத்துணையின் தீங்கு வாயோடு நின்றுவிடுவதில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலையை மெல்லுதல் உணவுக்குழாயிலும் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட உண்மையாகும். இலங்கையில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஒன்று.

இந்நோய் சீதமென்சவ்வைத் தாண்டாத ஆரம்ப நிலையில் கண்டறியப்படின், நெஞ்சைத் திறக்காமலேயே, வாய்வழியாகச் செலுத்தப்படும் எண்டொஸ்கோபிக் குழாயினூடாக அகற்றிவிடலாம். அதற்கான கருவிகள் இரு வகைப்படும்.

முதலாவது கம்பிக் கண்ணி. கட்டியின் அடியில் உப்புநீரைச் செலுத்தி உயர்த்திய பின், கண்ணியால் இறுக்கி மின்சாரத்தால் அறுப்பர். ஜப்பானிய வைத்தியர்கள் 1984இல் இம்முறையை விளக்கினர். கட்டியை ஒளிபுகும் தொப்பியினுள் உறிஞ்சியும், இறப்பர் வளையமிட்டும் அறுக்கும் முறைகள் பின்னர் வந்தன. இவை விரைவானவை, ஆபத்தும் குறைவு. ஆயினும், ஏறத்தாழ 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியைத் துண்டு துண்டாகவே எடுக்க நேரிடும். விளிம்பில் நோய் எஞ்சியுள்ளதா என அறிவது அப்போது கடினம். நோய் மீண்டும் தலைகாட்டவும் கூடும்.

இரண்டாவது மின்கத்தி. இது கட்டியைச் சுற்றிக் கீறி, அடியிலிருந்து உரித்து, ஒரே துண்டாக எடுக்க உதவுகின்றது. ஊசிக் கத்தி கூர்மையாக வெட்டும். எனினும் சுவரைத் துளைத்துவிடக்கூடும். இக்குறையைப் போக்க 1990களில் டோக்கியோவின் தேசிய புற்றுநோய் நிலையத்தில் உருவாக்கப்பட்ட கத்தியின் முனையில், மின்கடத்தாப் பீங்கான் குமிழ் உண்டு. இது இரைப்பைக்கு நன்கு பொருந்தும். ஒடுங்கிய, மெல்லிய சுவருடைய உணவுக்குழாய்க்கு, இழையத்தைக் கொளுவி உயர்த்தி வெட்டும் கொக்கிக் கத்தியும், பற்றிப் பார்த்தபின் வெட்டும் கத்தரிக்கோல் வகையும் ஏற்றவை. ஆனால் கத்தி முறைக்கு நீண்ட நேரமும் நெடிய பயிற்சியும் தேவை. துளை விழும் அபாயமும் கண்ணி முறையை விட அதிகம். குழாயின் சுற்றளவில் முக்காற்பங்குக்கு மேல் உரிக்க நேர்ந்தால், பின்னர் அவ்விடம் சுருங்கி ஒடுங்கக்கூடும்.

ஆகவே, சிறியதற்குக் கண்ணி, பெரியதற்குக் கத்தி என்பது பொதுவிதி. ஆனால் நோய் ஆழ இறங்கி நிணநீர் முடிச்சுகளை எட்டிவிட்டால் இவ்விரண்டும் போதா. சோறு விழுங்கச் சிரமப்படும் நாளில் பெரும்பாலும் அந்த எல்லை கடந்துவிடுகின்றது.

பரிசோதனைக்காக நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் தொழிலாளி ஒரு நாள் 'பெயரை' இழக்கின்றார். அந்த அச்சமே நாட்களைக் கடத்தச் செய்கின்றது. வேதனத்தை இழக்காமல் சென்றுவரத் தோட்ட நிர்வாகங்கள் வழிசெய்தல் வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோரின் உணவுக்குழாயும் தவறாது பரிசோதிக்கப்பட வேண்டும். அயடீன் கரைசலைத் தெளித்தால், நோயுற்ற இடம் நிறம் பற்றாது வெளிறித் தெரியும். இத்தகைய எளிய சோதனை உரிய காலத்தில் நடைபெற்றால்தான், தொலைதூர நாட்டில் உருவான நுண்ணிய கத்தி எமது மலைத்தோட்டத் தொழிலாளியின் உயிரையும் காக்கும்.