சைலன்சருக்குள் ஒரு சரித்திரம்

எங்கள் குரும்பலூரில் பையன்கள் சிலர் பைக் சைலன்சரின் உள்தடுப்புகளை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். கேட்டால், "அடைப்பு இல்லாம இருந்தா வண்டி நல்லா இழுக்கும் தாத்தா" என்கிறார்கள். சத்தம் கூடுவது தெரிகிறது. இழுவை கூடுமா என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியின் புகைக்குழாய்க்குப் பிரெஞ்சில் 'போ த தெத்தான்த்' என்று பெயர். 'போ' என்றால் பானை. 'தெத்தான்த்' என்றால் இறுக்கம் தளர்ந்து விரிவது. அமெரிக்காவும் ரஷ்யாவும் பகையைத் தளர்த்திக்கொண்ட காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்டதும் இதே சொல்தான். நடுவில் பருத்து இரு முனையும் குறுகிய அந்தக் குழாய்க்குப் பானை என்ற பெயர் பொருத்தமே.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புகை போகும் துளை திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். ஆனால் துளை திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலையும் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்திலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து மிச்சப் புகையை இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பிப்போன கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. துளை மூடுவதற்குள் அது வந்து சேர வேண்டும். குழாயின் நீளம் அந்தக் கணக்குக்குத்தான்.

இப்படிப்பட்ட குழாயை முன்பே எரிக் வோல்ஃப் என்பவர் பந்தய வண்டியில் பொருத்தியிருந்தார். அதை அளந்து ஒரு விஞ்ஞானமாக்கியவர் வால்ட்டர் காடன். யுத்த காலத்தில் ஜெர்மனியின் பேனமுண்டே ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிறகு கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்தினார். கையில் காசு இல்லை, நல்ல உதிரிபாகம் இல்லை. அப்படியும் 1961-இல் அவருடைய 125 சிசி இஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது. நம் ஊரில் எல்லாரும் கொண்டாடிய ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985-இல் வந்தபோதும் அதன் சக்தி 11 தான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஊர் திரும்பவில்லை. மனைவி மக்கள் கார் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். டெக்னர் காடனின் நுட்பங்களோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சிசி பிரிவில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம் கிடைத்தது. காடனின் எம்.இசட்.டுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. கண்டுபிடித்தவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர். ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அதே சுசுகிதான் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து, 1984-இல் நம் ஓசூரில் ஏ.எக்ஸ். 100 வண்டியைச் செய்தது. அதற்கு முன்பே 1980-இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 வந்திருந்தது. இந்தப் பக்கத்துச் சின்ன வெங்காய மூட்டைகளைச் சுமந்த வண்டி அது. அது இழுக்கவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சைலன்சரைக் கழற்றித் தீயில் காட்டிக் கார்பன் எடுப்பார். அடைப்பை எடுத்தால் இழுவை வரும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கலாம். கரியை எடுப்பது சரி. தடுப்பை வெட்டுவது வேறு.

இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் வால்வு இருப்பதால் கலவை அவ்வளவு வீணாவதில்லை. ஆனாலும் குழாயின் நீளமும் விட்டமும் இஞ்சினோடு சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. சைலன்சர் என்பது இஞ்சினின் கடைசி உறுப்பு. பேரப்பிள்ளைகள் ரம்பத்தைக் கையில் எடுத்தால் இதைச் சொல்லுங்கள்.