வேதாரணியத்து உவர்நிலம்



வரலாறு என்றதும் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே உங்கள் நினைவுக்கு வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நானும் அவற்றையே மிகுதியாகக் கற்பித்தேன். ஆனால் நிலத்துக்கும் வரலாறு உண்டு. அதனை அறியாமல் ஒரு நிலத்தைத் திருத்த முற்படுபவன், நல்லெண்ணம் உடையவனாயினும், தவறு செய்வான். இவ்வுண்மையை நான் நூலிற் கற்கவில்லை; தவறு செய்தே கற்றுக்கொண்டேன்.

காவிரிச் சமவெளியின் தென்கிழக்கு மூலையில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடுமிடத்தில் கோடிக்கரை இருக்கிறது. அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரையில், 40 கிலோமீட்டருக்கும் மேலாக, கடலை ஒட்டி ஓர் உவர்ச் சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து, பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கிளைகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது அது பெரியதோர் ஏரி போலத் தோன்றும். பங்குனி, சித்திரையில் சென்று பாருங்கள். நீர் வற்றி, சேறு வெடித்து, வெண்ணிற உப்புப் படிந்து கிடக்கும். மேட்டில் உமரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும். கடல்நீர் ஏறி இறங்கும் ஓரங்களில் அலையாத்தி மரங்கள் தம் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும். ஆண்டுதோறும் இருவேறு முகங்களைக் காட்டும் நிலம் அது.

இத்தகைய கழிநிலத்தைப் பழந்தமிழர் நெய்தல் என்று வகுத்தனர். உப்பு விளைந்த இடமும், உமணர் வண்டிகளில் அதனை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற செய்தியும் சங்கப் பாடல்களில் உள்ளன. 1805-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தமது தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். அதன்பின் வெயிலில் தானாக விளைந்த உப்பை ஓர் ஏழை அள்ளுவதும் குற்றமாயிற்று. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தொண்டர்களுடன் நடந்து, வேதாரணியத்தை அடைந்து, ஏப்ரல் 30-ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தார். இதனை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த உப்பைத் தந்த நிலம் இந்தச் சதுப்புதான்.

அந்த நிலத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. மாரிக்காலத்தில் வடபுலத்துப் பறவைகள் அங்கு வந்து இறங்குகின்றன. பூநாரைகள் செந்நிறக் கரையிட்டாற்போல் நீரில் நிற்கும். சின்ன உள்ளான் என்ற பறவையோ முப்பது கிராம் எடைகூட இல்லாதது. இரஷ்ய நாட்டின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வந்து புழுக்களைப் பொறுக்கித் தின்கிறது. பறவை வடக்கும் தெற்குமாகப் போய்வருவதை நம் முன்னோர் அறிவர். நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரை நீங்களும் அறிவீர்கள். ஆனால் எந்தப் பறவை எவ்விடத்திலிருந்து வந்தது என்பதை எவ்வாறு உறுதிசெய்வது?

இதற்கு வழி கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது பெருமிதம் உண்டாகிறது. டென்மார்க்கு நாட்டின் வீபோர் நகரில் ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன் என்பவர், 1899-ஆம் ஆண்டில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். அம்முறையைப் பின்பற்றி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1959-ஆம் ஆண்டில், பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் தலைமையில், வலசைப் பறவைகளைப் பற்றிய பெரும் ஆய்வைத் தொடங்கினர். அவ்வாய்வின் சிறந்த களங்களுள் ஒன்றாகக் கோடிக்கரை ஆயிற்று. 1967-ஆம் ஆண்டில் கோடிக்கரைக் காடு, வெளிமான்களின் பொருட்டுச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 1980-களில் வளையமிடும் பணி அங்குப் பருவந்தோறும் நடைபெற்றது. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் மரபினர், தம் குலத்தொழிலான கண்ணி வைக்கும் திறத்தைக் கொண்டு பறவைகளை ஊறுபடாமல் பிடித்துக் கொடுத்தனர். ஆய்வாளர் அவற்றின் இறகையும் அலகையும் அளந்து, எடை பார்த்து, வளையமிட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு விடுவித்தனர். உண்பதற்காகப் பறவை பிடித்த கலை, அறிவுக்காகப் பறவை பிடிக்கும் கலையாயிற்று.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

1980-களின் நடுவில், நான் கடைமடைப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இளம் ஆசிரியனாக இருந்தேன். முத்துப்பேட்டைக் கழியை அடுத்து, மரமே இல்லாத பரந்த வெற்றுத் தரையைக் கண்டு மனம் வருந்தினேன். ஒரு மார்கழி விடுமுறையில் நாற்பது மாணவர்களை அழைத்துச் சென்று, முளைவிட்ட அலையாத்தி விதைகளை அங்கு வரிசையாக ஊன்றச் செய்தேன். பங்குனியில் சென்று பார்த்தபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. மறுநாள் வகுப்பில், "ஊரார் ஆடுமாடுகளை விட்டு அழித்துவிட்டார்கள், பொறுப்பற்ற மக்கள்" என்று பேசினேன். மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "சார், அந்தத் தரையிலே ஏறுற தண்ணி திரும்பிப் போறதில்லேன்னு எங்க அப்பா சொல்லுவாங்க" என்றான். நான் வினவியது அதுவன்று என்று சொல்லி அவனை உட்காரச் செய்தேன்.

அந்த நிலத்தின் வரலாறு எனக்கு அன்று தெரியாது. ஆங்கிலேயர் காலந்தொட்டு அலையாத்திக் காடுகளைக் கூப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பிலும் உள்ள மரங்களை அடியோடு வெட்டி விறகாக்குவது வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் 1970-கள் வரை நீடித்தது. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் தானே முளைத்துவிடும் என்று கருதினர். அது முளைக்கவில்லை. ஏன் என்ற வினாவுக்கு, விறகு வெட்டுவோரும் கால்நடைகளுமே காரணம் என்று பலரும் விடை கூறினர். நானும் அதையே திருப்பிச் சொன்னவன்தான்.

1988-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தார், பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் தரையின் மட்டத்தையும் மண்ணின் உப்பையும் அளந்து பார்த்தனர். உண்மை வெளிப்பட்டது. மரநிழல் நீங்கியதும் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கியது. வெட்டிய பரப்பு தட்டின் நடுப்பகுதி போலத் தாழ்ந்துவிட்டது. நம் கரையில் கடல் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆதலால் சிறு பள்ளமும் பெருந்தடை ஆயிற்று. ஏற்றத்தின்போது உள்ளே வந்த நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தங்கியது. கோடை வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்காண்டு உப்பு ஏறிய அம்மண்ணில், உவர்நீரில் வாழப் பிறந்த அலையாத்தியும் முளைக்க இயலவில்லை. நோய்க்குக் காரணம் ஆடுகள் அல்ல. நீர் திரும்பிப் போகாமையே. அந்தச் சிறுவன் சொன்னது இதுதான்.

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. 1990-களில், வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கரையோர ஊர் மக்களும் சேர்ந்து, கடற்கழியோடு இணையுமாறு ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினர். மேலிருந்து நோக்கினால் மீன்முள் போலத் தோன்றும். நாள்தோறும் ஏறி இறங்கிய கடல்நீர் உப்பைக் கழுவிச் சென்றது. வாய்க்காற் சரிவுகளில் ஊன்றிய அலையாத்தி வேர்கொண்டது. முத்துப்பேட்டை மீனவர் மீன் பிடிப்பதற்கென்றே முன்பிருந்து வாய்க்கால் வெட்டும் வழக்கம் உடையவர்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். வாய்க்கால் ஓரத்தில் மரம் செழிப்பதை அவர்கள் தினமும் கண்டு வந்தவர்கள். நான் பொறுப்பற்றவர் என்று பழித்தது அவர்களையே.

வாய்க்கால் வெட்டியதோடு பணி முடிவதில்லை. சில ஆண்டுகளில் அது தூர்ந்துவிடும்; மீண்டும் தூர்வார வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அலையாத்திக் காடுகளின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கண்டு நாடு அக்காடுகளின் அருமையை உணர்ந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தின் அருகே கரை கடந்தபோதோ, அக்காடுகளே பெருஞ்சேதம் உற்றன. திருத்திய நிலத்தையும் மீண்டும் திருத்த நேரிடும்.

பறவைகளின் நிலையும் கவலைக்குரியதே. 2002-ஆம் ஆண்டில் இச்சதுப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் 1980-களின் குறிப்பேடுகளோடு பிற்காலக் கணக்கை ஒப்பிட்ட ஆய்வாளர், சின்ன உள்ளான் முதலிய சிறு கரைப்பறவைகள் மிகவும் குறைந்துவிட்டதைக் கண்டனர். நன்னீர் வரத்துக் குறைந்ததையும் சதுப்பின் உப்புநிலை மாறியதையும் காரணமாகக் கூறுவர். நான் உங்களைச் சிந்திக்க வேண்டுவது இதனையே: அன்று சிலர் சேற்றில் நின்று எண்ணி எழுதி வைத்திராவிடில், குறைந்தது என்பதே நமக்குத் தெரிந்திராது. இழந்தோம் என்பதையும் அறியாமலே இழந்திருப்போம்.

1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் தை மாதத்தை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. ஓய்வு பெற்றபின் நானும் ஒரு குழுவுடன் செல்லத் தொடங்கினேன். பொழுது புலருமுன் சென்று, முழங்கால் வரை சேற்றில் நின்று, கூட்டத்தில் பத்துப் பறவைகளை முதலில் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, நூறு, ஆயிரம் எனக் கணக்கிடக் கற்றேன். எனக்குக் கற்பித்தவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. ஒரு முறை நான் தவறாக எண்ணினேன். "ஐயா, மறுபடியும் எண்ணுங்கள்" என்றாள். நான் மறுபடியும் எண்ணினேன்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஏரியோ, கழியோ, குளமோ ஒன்று இருக்கும். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அங்குச் செல்லுங்கள். நீர் எவ்வளவு, பறவை எத்தனை, எது வந்தது, எது வரவில்லை என்று நாளிட்டு எழுதுங்கள். அவ்விடத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். அதன் பிறகு மரம் நடலாம்.

அந்தச் சிறுவன் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பான். எங்கிருக்கிறானோ, நான் அறியேன். இந்த உரையை அவன் கேட்க நேர்ந்தால், அன்று அவனை உட்காரச் சொன்ன ஆசிரியன் தன் விடையைத் திருத்திக்கொண்டான் என்பதை அறிவானாக.