செடிக்குப் பெயர் உண்டு, நட்டவருக்கு?

தாவரவியல் பூங்கா என்பது பெயர்ப்பலகைகளின் இடம். மரத்தடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். செடியின் லத்தீன் பெயர், அதன் குடும்பம், அதன் தாயகம் மூன்றும் அதில் எழுதியிருக்கும். ஆண்டிஸ் மலையிலிருந்து வந்ததோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததோ, ஒரு செடியின் பூர்வீகத்தைச் சொல்லுவது அங்கே அடிப்படை மரியாதை. இலங்கையில் நுவரெலியாவிலிருந்து பதுளை போகும் சாலையில், கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருக்கும் ஹக்கல பூங்காவைச் சுற்றிப் பார்க்கும்போது இந்த மரியாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஹக்கல அழகான இடம். ரோஜாத் தோட்டம், மரம் அளவுக்கு வளர்ந்த பெரணிகள், பின்னால் சுவர் போல எழும் ஹக்கல பாறை, முன்னால் ஊவா பக்கம் இறங்கும் மலைச்சரிவுகள். ஏப்ரலில் பூக்கள் மலரும் காலத்தில் கூட்டம் நிரம்பி வழியும். ஆனால் இந்தப் பூங்கா பூவுக்காகத் தொடங்கப்பட்டது அல்ல. 1861இல் இது சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனைத் தோட்டமாகத்தான் தொடங்கியது. அப்போது பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் என்ற தாவரவியலாளரின் முயற்சி அது. 1880களில் வில்லியம் நாக் கண்காணிப்பாளராக வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பூங்காவாக மாறத் தொடங்கியது.

சின்கோனாப் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொயினா மருந்து கிடைத்தது. மலேரியாவுக்கு மருந்து கையில் இல்லாமல் வெப்பமண்டல நாடுகளில் படையையும் அதிகாரிகளையும் வைத்திருப்பது வெள்ளையருக்குக் கடினமாக இருந்தது. மரமோ தென் அமெரிக்காவில் இருந்தது. அங்கிருந்து செடிகளையும் விதைகளையும் எடுத்துவர பிரிட்டிஷ் அரசு 1859-60இல் ஆட்களை அனுப்பியது. அவை நட்டு வளர்க்கப்பட்ட குளிர்ந்த மலைகளில் நம் நீலகிரியும் ஒன்று, ஹக்கலவும் ஒன்று.

இந்த மரத்தின் பெயரையே கொஞ்சம் பாருங்கள். 'சின்கோனா' என்பது ஒரு ஸ்பெயின் நாட்டுப் பிரபுவின் மனைவியை நினைத்து லின்னேயஸ் வைத்த பெயர். கொயினா அதிகம் உள்ள ஓர் இனத்துக்கு 'லெட்ஜெரியானா' என்று பெயர். அது சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியின் பெயர். அந்த விதைகளைப் பொலிவியக் காடுகளில் தேடிச் சேகரித்தவர் மானுவல் இன்க்ரா மாமானி என்ற அய்மாரா பழங்குடி மனிதர். லெட்ஜரின் விதைகளை லண்டனில் பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் நட்டார்கள். பிற்பாடு உலகின் கொயினாவில் மிகப் பெரும் பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது. விதை கடத்தியதற்காக மாமானி சிறையில் அடைக்கப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு, 1870களின் தொடக்கத்தில் இறந்தார். மரத்தின் பெயரில் அவர் இல்லை.

இனி இலங்கை மலைக்கு வருவோம். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. நொடித்துப்போன தோட்டக்காரர்கள் பலர் பிழைக்க வழி தேடி சின்கோனாவுக்கு ஓடினார்கள். 1880களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு பட்டை ஏற்றுமதியானது. அவ்வளவு பட்டை சந்தையில் குவிந்ததும் விலை சரிந்தது. பிறகு தேயிலை வந்தது. காப்பி, சின்கோனா, தேயிலை என்று பயிர் மாறிக்கொண்டே இருந்தது. வேலை செய்த கைகள் மாறவில்லை.

அந்தக் கைகள் யாருடையவை? திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர். சொந்த ஊரில் பண்ணை அடிமையாகக் கிடந்தவர்கள், நிலமில்லாதவர்கள், பஞ்சத்தில் முதலில் சாகக்கூடியவர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இலங்கைக்குப் போனவர்களின் எண்ணிக்கை பெருகியது தற்செயல் அல்ல. 'ஆசையால் போனார்கள்' என்று பாடப்புத்தகம் சொன்னால், எதிலிருந்து தப்பிப் போனார்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் ஏராளம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலை உச்சியில் காய்ச்சலுக்கான மருந்து மரம் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த மலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் வழியிலேயே காய்ச்சலில் செத்தார்கள்.

நிலத்தின் கதையையும் விட்டுவிடக் கூடாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசு நிலம் என்றது. கண்டிச் சிங்கள விவசாயிகள் மாடு மேய்க்கவும் சேனைப் பயிர் செய்யவும் காலங்காலமாகப் பயன்படுத்திய நிலம் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. ஒரு ஏழையின் நிலத்தைப் பிடுங்கி, அதில் இன்னொரு ஏழையைக் கொண்டுவந்து உழைக்க வைத்தது வெள்ளை அரசு. பின்னாளில் இந்த இரண்டு ஏழைகளையும் எதிரெதிரே நிறுத்தி அரசியல் செய்தவர்களுக்கு இந்த வரலாறு வசதியாக மறந்துபோனது.

கடல் தாண்டியதும் சாதி கழன்று விழுந்ததா? இல்லை. ஆள் கட்டி வந்த கங்காணிகள் பெரும்பாலும் மேல்சாதியினர். முன்பணம் கடனாகி, அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, அது தீர்ந்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்ற நிலை இருந்தது. 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. லயங்களும் பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. துரைக்கு இதில் நட்டமில்லை. ஊரின் படிநிலை தோட்டத்திலும் இருந்தால் ஆட்களைக் கட்டுப்படுத்துவது அவனுக்கு எளிது. முதலாளித்துவம் வந்தால் சாதி தானாக மறையும் என்று வகுப்பில் யாராவது சொன்னால், மலையகத்தை உதாரணம் காட்டிப் பேசுங்கள்.

மலையகத் தோட்டங்களில் ஒரு சொல் வழக்கு உண்டு. அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் 'ஒரு பேர்' விழும், குறைந்தால் 'அரைப் பேர்'. ஒரு மனிதரின் பெயர் என்ற சொல்லே கூலிக் கணக்காக மாறிய இடம் அது. ஹக்கல வரலாற்றில் துவைட்ஸ், நாக் என்று பெயர்கள் வருகின்றன. அந்த மலைகளில் குழி வெட்டி, நாற்று நட்டு, பட்டை உரித்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் ஏறவில்லை. எங்காவது ஏறியிருந்தால் செக்ரோலில்தான் ஏறியிருக்கும்.

செடிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இதோடு முடியவில்லை. பெருவிலிருந்து வந்த செடி இரண்டே தலைமுறையில் 'இலங்கைச் சின்கோனா' ஆனது. தேயிலை உலகம் முழுக்க 'சிலோன் டீ' ஆனது. அதைப் பறித்தவர்கள்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹக்கலவுக்குப் பக்கத்திலேயே சீதா எலிய. இராமாயண யாத்திரை என்று இந்தியாவிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள். சீதை சிறையிருந்த அசோகவனம் இதுதான் என்று வழிகாட்டி சொல்வார். வழிபடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பேருந்துகள் தேயிலைச் சரிவுகளையும் லய வரிசைகளையும் கடந்துதான் அங்கே போகின்றன. புராணத்தில் கடல் கடந்து வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போகிறவர்கள், வரலாற்றில் கடல் கடந்து வந்த லட்சக்கணக்கான பெண்களை ஜன்னல் வழியே படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இது வேறு நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் நீலகிரியில் சின்கோனாவையும் நட்டவர். நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் சீனக் கைதிகளையும் வைத்து வேலை வாங்கினார்கள். ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக அதே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றும் அவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறிக்கிறார்கள். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அவர்கள் பிடுங்கி நடப்பட்டார்கள்.

2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில் மீண்டும் நடந்தார்கள். காணிக்கும் வீட்டுக்கும் உரிமை கேட்டுத்தான் நடந்தார்கள். தங்களுக்கான பெயர்ப்பலகையை அவர்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் மாணவர்கள். கல்லூரிச் சுற்றுலாவில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ, வாய்ப்புக் கிடைத்தால் ஹக்கலவுக்கோ போவீர்கள். பூவைப் பாருங்கள், படம் எடுங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நிலம் முன்பு யாருடையது? இதைச் சமன் செய்து நட்டவர்கள் யார், எந்தச் சாதி? அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே, யாருடைய நிலத்தில் குடியிருக்கிறார்கள்? பதில் பலகையில் இருக்காது. பூங்காவுக்கு வெளியே வந்து, பக்கத்து லயத்தில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள்.