லெப்ரோகாஸ்ரர்: ஒரு பாகுபாட்டுச் சிக்கலின் வரலாறு

பிற பூச்சிகளைப் பற்றி, அவற்றின் உடற்சாற்றை உறிஞ்சி வாழ்வன கொள்ளை ஈக்கள். அசிலிடே எனப்படும் இவற்றின் குடும்பத்தில் 7,000 இற்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றோடு எண்ணப்பட்டு வந்த லெப்ரோகாஸ்ரர் என்னும் சாதி உண்மையில் இக்குடும்பத்துக்கு உரியதுதானா என்பதில் பூச்சியியலாரிடையே கருத்து வேறுபாடு நிலவியது.

1758 இல் லின்னேயஸ் அசிலஸ் என்னும் சாதியை வகுத்தார். சுவீடன் நாட்டவரான டி கீர் 1776 இல் விவரித்த மெலிந்த ஈயொன்றும் அச்சாதியுள்ளேயே வைக்கப்பட்டது. 1803 இல் ஜேர்மானியரான மைகன் இத்தகைய ஈக்களுக்கு லெப்ரோகாஸ்ரர் எனத் தனிச்சாதி கண்டார். மெல்லிய வயிறு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களாலான இப்பெயர் மிகப் பொருத்தமானதே. 1862 இல் சைனர் இதனையும் இதனைச் சார்ந்தவற்றையும் ஓர் உபகுடும்பமாக்கினார். நூறாண்டு கழித்து, 1962 இல், உலகக் கொள்ளை ஈக்கள் பற்றிய தமது பெருநூலில் ஹல் அம்முடிபையே தழுவினார்.

இவ்விணக்கத்தை 1968 இல் மாட்டின் குலைத்தார். பெரும்பாலான கொள்ளை ஈக்களின் கால்நகங்களுக்கடியில் மெத்தை போன்ற உறுப்புகள் உள. லெப்ரோகாஸ்ரர் கூட்டத்தில் அவை இல. ஏனையவை பறக்கும் இரையைப் பாய்ந்து பற்ற, இவை புற்களிடையே மெல்லப் பறந்து, தாவரங்களில் அமர்ந்திருக்கும் சிறு பூச்சிகளைக் கவர்கின்றன. உடலும் வேறு, ஒழுக்கமும் வேறு. ஆதலின் குடும்பமும் வேறென்பது அவர் துணிபு. இறந்த மாதிரிகளின் உறுப்புகளோடு உயிருள்ள ஈயின் நடத்தையையும் அவர் சான்றாக்கியமை போற்றற்பாலது.

ஆயினும் வேறுபாட்டின் மிகுதி பிறப்பின் வேற்றுமைக்குச் சான்றாகுமா? ஓர் உறுப்பின் இழப்பு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழக்கூடியது. ஒரு குடும்பத்தின் நடுவே கிளைத்த கூட்டமொன்றை வெளியேற்றினால், எஞ்சுவது ஒரு மூதாதையின் முழு வழித்தோன்றலாக இராது. மாட்டினின் வாதம் இவ்விடத்திலேயே தளர்கிறது எனலாம். 2009 இல் டிக்கோ 158 இனங்களின் உடலமைப்பை ஒப்பிட்டு வரைந்த வழிமரபில், லெப்ரோகாஸ்ரர் கூட்டம் கொள்ளை ஈக்களின் குடும்பத்துள்ளேயே அமைந்தது. அது மீண்டும் உபகுடும்பமாகவே கொள்ளப்படுகின்றது. மெத்தையற்ற அந்நகங்களோ, இன்றும் அவ்வுபகுடும்பத்தை இனங்காண உதவும் அடையாளங்களாக உள்ளன.