அழுகாத படகுக்குள் அழுகும் மரம்

படகு கட்டுவோரின் பழம்பகை எது தெரியுமா? புயலன்று, பூஞ்சைக் காளான். மரத்தை அரித்துக் கூழாக்கும் அதனிடமிருந்து தப்ப ஒரு வழி, கண்ணாடியிழைப் படகு. அமெரிக்காவின் டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-இல் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துப் படகு செய்தார். போருக்குப்பின், 1950-களில், இவ்வகைப் படகுகள் பெருகின.

ஆனால் கண்ணாடியிழைத் தகடு வலிமை மிக்கதாயினும் விறைப்புக் குறைந்தது, மிதித்தால் வளையும். தடிமனை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். எடையும் விலையும் இருமடங்காகுமே! எனவே அடித்தட்டின் நீளவாக்கில் மரச்சட்டங்களையும், அவற்றின்மேல் ஒட்டுப்பலகைத் தளத்தையும் வைத்துக் கண்ணாடியிழையால் போர்த்தினார்கள். விரட்டிய பகைவனை வீட்டுக்குள் அழைத்த கதைதான்.

இருக்கையைப் பொருத்தப் போட்ட ஒரு திருகாணித் துளை போதும். நீர் இறங்கும், வெளியேற வழியிராது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் பூஞ்சை வளராது. 30-ஐத் தாண்டினால் செழிக்கும். மேற்போர்வை பளபளக்க, உள்ளே மரம் உளுத்துப்போகும். பல படகுகளில் எஞ்சினைத் தாங்குவதும் அதே சட்டங்கள்தாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழுது பார்ப்பவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். அழுகிய இடம் மந்தமாக ஒலிக்கும். தளத்தை அறுத்தெடுத்ததும் சட்டங்களில் அவசரமாகக் கை வைக்கக் கூடாது. முதலில் படகின் அடியை முட்டுக் கொடுத்து ஏந்தி நிறுத்த வேண்டும். இல்லையேல் படகின் வடிவமே கோணிவிடும். அழுகலைச் சுரண்டியபின் நன்கு உலர்த்த வேண்டும். ஈரத்தில் பிசின் பிடிக்காது. பிறகே புதுச் சட்டம், எப்பாக்சிப் பிசின், கண்ணாடியிழைத் துணி. திருகாணித் துளையைப் பெரிதாகக் குடைந்து எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சிறிதாகத் துளைப்பார்கள். இனித் திருகாணி மரத்தைத் தொடாது.

பிற்காலத்தில் படகு கட்டுவோர் பலர் மரத்துக்குப் பதிலாக நுரைப் பிளாஸ்டிக்கை உள்ளே வைக்கத் தொடங்கினார்கள்.