சோம்பேறிகளின் ரத்தம்

"சோகை புடிச்சவ மாதிரி உக்காந்திருக்காத" என்று எங்க ஊர்ப்பக்கம் பெண்பிள்ளைகளைத் திட்டுவார்கள். ஒரு நோயின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஏழையின் உடம்பில் ரத்தம் குறைந்தால் அதைக் குணக்கேடாகப் பார்ப்பது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. ரத்தசோகையின் வரலாற்றைத் தோண்டினால் கண்டம் கண்டமாக இதே கதைதான்.

1899 ஆகஸ்டில் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைப் பெரும் புயல் ஒன்று புரட்டிப்போட்டது. முந்தைய வருஷம்தான் அந்தத் தீவு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்குப் போயிருந்தது. வீடிழந்த மலைவாழ் காப்பித் தோட்டக் கூலிகள் போன்சே நகரத்து முகாமில் வந்து குவிந்தார்கள். வெளிறிய முகம், வீங்கிய கால், பத்தடி நடந்தால் மூச்சிரைப்பு. பட்டினி என்றார்கள், பரம்பரை என்றார்கள், சோம்பேறிகள் என்றும் சொன்னார்கள். முகாமில் வேலை பார்த்த ராணுவ மருத்துவர் பெய்லி ஆஷ்ஃபோர்டு அவர்களுக்கு வயிறாரச் சோறு போட்டுப் பார்த்தார். தேறவில்லை. நவம்பர் 24ஆம் தேதி ஒரு நோயாளியின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே புழு முட்டைகள். கொக்கிப்புழு.

மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இதன் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போகிறது. நுரையீரல், தொண்டை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சிறுகுடலில் பல்லைப் பதித்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (தொழில் புத்தி, விடாது). அந்தத் தீவில் இருந்த வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். நூறு புழு என்றால் 3 மில்லி. நல்ல ரத்தத்தில் ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம் இரும்பு. ஆக 1.5 மில்லிகிராம் போச்சு. அதில் கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், சாதாரணமாக நம் உடம்பு ஒரு நாளைக்குச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் விட்ட கதை. மாதவிலக்கும் பிரசவமும் உள்ள பெண்ணுக்கு ஓட்டைகள் இன்னும் அதிகம்.

1904இல் வெறும் 5,000 டாலரில் ரத்தசோகைக்கென்றே ஒரு ஆணையம் தொடங்கினார்கள். தைமால் என்ற மருந்து இலவசம். நடக்க முடியாதவர்களைத் தூளியில் போட்டு மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். சில வருஷங்களில் சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 3 லட்சம் பேர். தீவின் மொத்த ஜனத்தொகையே பத்து லட்சம் சொச்சம்தான்.

இதே புழு அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளிடமும் இருப்பதாக 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் சொன்னபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் வைத்துச் சிரித்தன. 1909இல் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அந்தப் பணமும் அந்த அனுபவமும் கடல் தாண்டி 1916இல் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று இலங்கையின் மாத்தளை. அங்கே தோட்டங்களில் கூலிகளாக இருந்தவர்கள் நம்ம ஆட்கள். பஞ்சத்துக்குத் தப்பிக் கங்காணி பின்னால் போன தமிழர்கள்.

லயத்து வரிசைகளில் கழிப்பறை கிடையாது. காலில் செருப்பு கிடையாது. மருந்து கொடுத்ததும் ஜனங்கள் தெளிந்தார்கள், ஆனால் அதே மண்ணில் மறுபடி கால் வைத்ததும் புழு திரும்பி வந்தது. கழிப்பறை கட்டச் செலவு யாருடையது என்பதில் துரைமார்கள் இழுத்தடித்தார்கள். அவர்களை மசிய வைக்கச் சொன்ன காரணம், ரத்தம் ஊறினால் கூலி அதிகம் கொழுந்து பறிப்பான் என்பது. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. விளைச்சல் கணக்கில் வராத ரத்தத்தை யார் எண்ணுவார்கள்? தண்ணி சுமக்கிற, பிள்ளை பெறுகிற ரத்தத்துக்கு எந்தத் தராசு? இன்னொன்றும் உண்டு. அவர்கள் பறித்த அந்தத் தேயிலையையே சோற்றோடு சேர்த்துக் குடித்தால், சோற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது.

இந்தியா 1970இலேயே ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இன்று கர்ப்பிணிக்குத் தினம் 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள். அப்படியும் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16 கணக்கெடுப்பில் 53 சதவீதம், 2019-21இல் 57. எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் 'மாத்திரையைக் கொடுக்கிறோம், அவங்கதான் முழுங்க மாட்டேங்கிறாங்க' என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சோம்பல் கிருமிதான் ஞாபகத்துக்கு வருகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து ஒருத்தி மாத்திரையை நிறுத்துகிறாள் என்றால், அது மாத்திரையின் நிறம்தான், ஒன்றும் ஆகாது என்று அவளிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா?